கடுகின் இடது கை

ஆக்சலாட்டல் என்பது தண்ணீரிலேயே வாழும் ஒரு மெக்சிகோ சாலமாண்டர், தவளைக்குத் தூரத்துச் சொந்தம். அதற்கு முன்கையில் நான்கு விரல், பின்காலில் ஐந்து. ஒன்றரை வருஷம் வீட்டில் வைத்து வளர்த்தும் இதை நான் எண்ணிப் பார்த்ததில்லை. இரண்டாவதாக வந்த கடுகின் இடது கை முழங்கைக்குக் கீழே காணாமல் போன பிறகுதான் எண்ண ஆரம்பித்தேன்.

முதலில் வந்தவன் வெள்ளையன். 2022 ஆகஸ்டில், கோயம்புத்தூரில் வீட்டிலேயே குஞ்சு பொரிக்க வைத்து விற்கும் ஒருவரிடம் வாங்கினோம். எங்கள் வீட்டில் நான், கணவர், அத்தை, அப்போது நாலாவது படித்துக்கொண்டிருந்த மகன். மகனுக்கு மைன்கிராஃப்ட் பைத்தியம். 2021-இல் அந்த கேமில் ஆக்சலாட்டலைச் சேர்த்தார்கள். அந்தப் பிராணி நிஜத்திலும் இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து வீட்டில் வேறு பேச்சில்லை. நான் ஒரு வருஷம் தள்ளிப்போட்டேன். அதற்குமேல் முடியவில்லை.

சம்மதித்ததற்கு எங்கள் ஊரான கோத்தகிரியின் குளிரும் ஒரு காரணம். இந்தப் பிராணிக்கு 16-லிருந்து 18 டிகிரி தண்ணீர்தான் சுகம். 24-ஐத் தாண்டினால் திணறும். கோயம்புத்தூர்க்காரர்கள் இதற்காகத் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்கி, கரண்ட் பில்லைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்கள். எங்கள் ஹாலின் வடக்கு மூலையில் வெயில் எட்டிப் பார்ப்பதே இல்லை. அங்கே வைத்த தொட்டியில் ஜனவரி விடியற்காலையில் 11 டிகிரி, ஏப்ரல் மத்தியானத்தில் 21. ஏப்ரல், மே இரண்டு மாதமும் மேலே ஒரு சின்ன ஃபேன் ஓடினால் போதும். இத்தனை வருஷமாக அந்த மூலையில் துணி காயவில்லை என்று திட்டிக்கொண்டிருந்தேன். அதற்கும் ஒரு உபயோகம் வந்தது.

வெள்ளையனை முதன்முதலில் பார்த்த அத்தை கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "ஏம்மா, இதென்ன பல்லிக்கு றெக்கை முளைச்ச மாதிரி இருக்கு?"

"றெக்கை இல்ல அத்தை, செவுள். தவளைக்குத் தலைப்பிரட்டை இருக்குல்ல, அந்த மாதிரி. இது மட்டும் பெருசானாலும் கரைக்கு வராது. வயசுக்கு வந்து முட்டை போட்டாலும் கடைசி வரைக்கும் குழந்தை மாதிரியேதான் இருக்கும்."

"நம்ம வீட்டு ஆம்பளைங்க மாதிரின்னு சொல்லு" என்றார். பேப்பருக்குப் பின்னாலிருந்த என் கணவர் பேப்பரை இறக்கவே இல்லை.

இரண்டாவதை வாங்க வைத்தது ஒரே ஒரு வாக்கியம். "பாவம்மா, தனியா இருக்கு." மகன் இதைத் தினமும் சொன்னான். பள்ளிக்கூடம் கிளம்பும்போது ஒரு தரம், படுக்கப் போகும்போது ஒரு தரம். கேட்டுக் கேட்டு எனக்கும் வெள்ளையனின் முகத்தில் ஏக்கம் தெரிய ஆரம்பித்தது. அந்தப் பிராணியின் வாய் அமைப்பே சிரிப்பது மாதிரி. அதில் ஏக்கம் எங்கிருந்து வரும்? ஆனாலும் தெரிந்தது.

இப்போது சொல்கிறேன்: ஆக்சலாட்டலுக்குத் தனிமை என்று ஒன்று கிடையாது. கூட்டமாகத் திரிகிற பிராணி இல்லை இது. இணை சேரும் காலம் தவிர இன்னொன்று பக்கத்தில் இருப்பதால் அதற்கு ஒரு லாபமும் இல்லை. இரண்டைச் சேர்த்து வைக்க வேண்டும் என்பது முழுக்க முழுக்க நம்முடைய ஆசை. அது தெரிந்து ஆசைப்பட்டால் தப்பில்லை. நான் அதன் ஆசை என்று நினைத்துக்கொண்டு செய்தேன்.

2023 டிசம்பரில் இரண்டாவது வந்தது. ஏழு சென்டிமீட்டர். கரும்பச்சையில் புள்ளி புள்ளியாக, காட்டு நிறம் என்கிற வகை. பார்த்த உடனே கடுகு என்று பெயர் வைத்தாயிற்று. வெள்ளையன் அப்போது 23 சென்டிமீட்டர். இந்த முறை வாங்கியது ஒரு மீன் கடையில். "பெரிய ஒண்ணு வீட்ல இருக்குண்ணா, கூட விடலாமா?" என்று கேட்டேன். "ஒண்ணும் ஆகாதுக்கா, ரெண்டும் ஒரே இனம்தானே" என்றார். ஒரே இனமாக இருப்பதுதான் பிரச்சினையே என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

அவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். பாதி விஷயத்தை நான் சரியாகத்தான் செய்தேன். புதிதாக வந்ததை நேராகப் பழைய தொட்டியில் விடக் கூடாது என்று படித்திருந்தேன். பூஞ்சை, ஒட்டுண்ணி என்று எதைச் சுமந்து வருகிறதோ தெரியாது. கொரோனா சமயத்தில் நாம் எல்லோரும் கற்றுக்கொண்ட அதே குவாரன்டைன்தான். முப்பது நாளுக்குக் குறையாமல் தனி டப்பா, தனி வலை, தனி இடுக்கி. டப்பாவில் ஃபில்டர் கிடையாது, அதனால் தினமும் தண்ணீர் முழுக்க மாற்ற வேண்டும். பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் இருக்கும். குளோரின் நீக்கும் சொட்டு மருந்தை விட்டு, ஹாலிலேயே இரண்டு பக்கெட் நிரப்பி வைத்தால் காலையில் அதுவும் தொட்டியின் சூட்டுக்கே வந்திருக்கும்.

தண்ணீர் பற்றி மலைக்காரர்களுக்காக ஒரு வார்த்தை. நம் ஊற்றுத் தண்ணீர் மென்மையானது. சோப்புப் போட்டால் நுரை அடங்கவே அடங்காது. ஆக்சலாட்டலுக்கோ கொஞ்சம் கடினமான தண்ணீர்தான் பிடிக்கும், பி.எச். ஏழரையை ஒட்டி இருந்தால் நல்லது. கோழித் தீவனக் கடையில் கிடைக்கும் கிளிஞ்சலை நன்றாகக் கழுவி, ஒரு வலைப்பையில் கட்டி ஃபில்டர் பக்கத்தில் போட்டு வைத்திருக்கிறேன். மெதுவாகக் கரைந்து தண்ணீருக்குக் கடினத்தைக் கொடுக்கிறது. இன்னொன்று, பிராணியின் கழிவில் வரும் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா தொட்டியில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் என்று எல்லோரும் சொல்வார்கள். எங்கள் குளிரில் எனக்குப் பத்து வாரம் ஆனது.

குவாரன்டைன் முடிந்து பிப்ரவரியில் பெரிய தொட்டிக்கு மாற்றினேன். மூன்றடித் தொட்டி. நடுவில் பிளாஸ்டிக் வலைத் தடுப்பு. இந்தப் பக்கம் வெள்ளையன், அந்தப் பக்கம் கடுகு. இரண்டாம் நாளே வெள்ளையன் வலையோரம் வந்து மூக்கை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றான். கடுகும் எதிரில் வந்து நின்றது. மகன் துள்ளிக் குதித்தான். "அம்மா, ஃப்ரெண்ட்ஸ் ஆயிடுச்சு!" நான் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்தேன். கீழே இதயம் போட்டவர்கள் இருபத்தெட்டுப் பேர்.

அது நட்பு இல்லை. ஆக்சலாட்டலுக்குக் கண் பார்வை மந்தம். வாசனையும், உடம்பின் ஓரத்தில் தண்ணீரின் அசைவைப் பிடிக்கும் உணர்வுப் புள்ளிகளும்தான் அதற்கு உலகம். முகத்துக்கு முன்னால் ஏதோ ஒன்று அசைகிறது, வாய்க்குள் போகிற அளவில் இருக்கிறது. மூக்கை வைத்து நின்றது சாப்பாட்டுக்கு முன்னால் நிற்கிற நிலை. வடை சுடும்போது அடுப்படி வாசலில் என் கணவர் நிற்பதும் இப்படித்தான்.

ஒரு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான், மகன், அத்தை மூன்று பேரும் தொட்டி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டோம். பத்து நிமிஷம் மட்டும் தடுப்பை எடுத்துப் பார்ப்போம், கண்காணிக்கத்தான் மூன்று பேர் இருக்கிறோமே என்று கணக்கு. கடுகு அப்போது பத்து சென்டிமீட்டர். தடுப்பை உருவினேன். இரண்டும் அசையவில்லை. ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். கடுகு தரையில் மெல்ல நடக்க ஆரம்பித்தது. இந்தப் பிராணி நடப்பது அழகாக இருக்கும், நிலாவில் நடக்கிற மாதிரி கையை எடுத்து எடுத்து வைக்கும். வெள்ளையனின் முகவாய்க்கு அருகில் இடது கையைத் தூக்கி வைத்தது.

"டொக்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். கண்ணாடி வழியாகவே கேட்டது. இது கடித்து மெல்லுகிற வாய் இல்லை, உறிஞ்சுகிற வாய். திறந்த கணத்தில் முன்னால் இருக்கும் தண்ணீரும் அதில் இருப்பதும் சேர்ந்து உள்ளே போய்விடும். பொடிப் பொடியான பற்கள் பிடித்துக்கொள்ள மட்டும். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், ஆனால் வாய் திறந்ததை நான் பார்க்கவில்லை. பார்த்தது, கடுகு ஒரு உலுக்கு உலுக்கித் திரும்பிப் பறந்ததையும், மண் ஒரு பிடி கிளம்பியதையும்தான். மண் அடங்கியபோது கடுகின் இடது பக்கம் குட்டையாக இருந்தது. வெள்ளையன் எப்போதும்போலச் சிரித்துக்கொண்டிருந்தான்.

மகன் அழுதான். அத்தைதான் முதலில் எழுந்தார். "வேடிக்கை பார்த்தது போதும், சின்னதை எடும்மா." கையால் தூக்கினால் அதன் தோலின் வழவழப்புப் போய்விடும். டப்பாவைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, அதற்குள் ஓட்டி எடுத்தேன். கை நடுங்கியதில் பாதித் தண்ணீர் தரையில்.

இந்தப் பிராணிக்குக் கை கால் மறுபடி முளைக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். விஞ்ஞானிகள் இதன் பின்னால் நூற்றைம்பது வருஷத்துக்கும் மேலாக அலைவதற்கு அதுவும் ஒரு காரணம். 1864-இல் மெக்சிகோவிலிருந்து பாரிசுக்குப் போன 34 ஆக்சலாட்டல்களில் சிலவற்றை அகுஸ்த் துமேரில் என்ற விலங்கியலாளர் வாங்கி இனம்பெருக்கினார். இன்று உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் இருப்பவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அவைதான் மூதாதை. 2018-இல் இதன் முழு மரபணுத் தொகுதியையும் படித்து முடித்தபோது அது மனிதனுடையதைப்போல ஏறக்குறையப் பத்து மடங்கு என்று தெரிந்தது. இதெல்லாம் அன்று ராத்திரி ஃபோனில் படித்தவை. படித்ததில் மனசு சமாதானம் ஆகவில்லை. முளைக்கும் என்பதால் போனது போகாததாகிவிடுமா? அதற்கு வலிக்காது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

காயம் ஒரே நாளில் மூடிக்கொண்டது. நாலாம் நாள் நுனியில் பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளையாக ஏதோ தெரிந்தது. பூஞ்சை. ஒரு லிட்டர் தண்ணீரில் அயோடின் இல்லாத உப்பு இரண்டு டீஸ்பூன், அதில் பத்து நிமிஷம், காலையும் மாலையும். அலாரம் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். மூன்று நாளில் போய்விட்டது. மற்றபடி குளிர்ந்த சுத்தமான தண்ணீர், தினமும் மண்புழுத் துண்டு. வேறு வைத்தியம் இல்லை.

இரண்டாம் வாரம் நுனியில் ஒரு மொக்கு. அதில் விரலும் இல்லை, கையும் இல்லை. வெறும் கண்ணாடி மாதிரிச் சதை. பிறகு அது தட்டையாகித் துடுப்பு மாதிரி ஆனது. துடுப்பின் ஓரத்தில் முதலில் இரண்டு மேடு, அப்புறம் மூன்றாவது. மகன் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் ஷூவைக் கழற்றாமல் டார்ச் எடுத்துக்கொண்டு ஓடுவான். நாலாவது விரல் வந்த அன்று ஐம்பத்து மூன்றாம் நாள். வலது கையைவிடக் கொஞ்சம் வெளுப்பாக, இரவல் வாங்கி மாட்டிய மாதிரி இருந்தது. இரண்டு மாதத்தில் அந்த வித்தியாசமும் மறைந்தது.

அதற்குள் வலைத் தடுப்பைக் கழுவிப் பரணில் போட்டாயிற்று. கடுகுக்குத் தனித் தொட்டி. வளர்த்து எடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பழக்கிவிடலாம், ஒன்றின் தண்ணீரை இன்னொன்றுக்கு ஊற்றி வாசனை பழகவைக்கலாம் என்றெல்லாம் யோசித்திருந்தேன். நாய்க்கும் பூனைக்கும் சரி. வாய்க்கு முன்னால் அசைவதை விழுங்கு என்பதைத் தவிர வேறு சட்டம் தெரியாத பிராணிக்கு அறிமுகம் செய்துவைத்து என்ன பலன்? குஞ்சுகளில் இது இன்னும் மோசம். முன்கால் முளைத்ததிலிருந்து ஏழெட்டு சென்டிமீட்டர் ஆகும்வரை கூடப்பிறந்ததின் கையைக் கடித்துத் தின்றுகொண்டே இருக்கும்.

வளர்ப்பவர்கள் சொல்லும் கணக்கு: இரண்டுமே 15 சென்டிமீட்டரைத் தாண்டியிருக்க வேண்டும், இரண்டுக்கும் இடையில் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் கூடாது. நான் கூடவே இன்னொன்றையும் பார்ப்பேன். நீளத்தைவிடத் தலை முக்கியம். ஆக்சலாட்டலின் வாய் கிட்டத்தட்டத் தலையின் அகலமே இருக்கும். சின்னதின் தலை பெரியதின் வாய்க்குள் போகுமா, போகாதா? போகும் என்று சந்தேகம் வந்தாலே காத்திருக்க வேண்டியதுதான். மகனின் ஜியாமெட்ரி பாக்ஸ் ஸ்கேலைத் தொட்டிக்கு வெளியே அடியில் செல்லோடேப் போட்டு ஒட்டினோம். ஞாயிறு தோறும் அளந்து காலண்டரில் எழுதுவது அவன் வேலை. பால் கணக்குக்குப் பக்கத்தில் கடுகு கணக்கு.

சாப்பாட்டில்தான் கொஞ்சம் கைவைக்க முடிந்தது. கடுகுக்குத் தினமும், வெள்ளையனுக்கு மூன்று நாளைக்கு ஒரு தரம். வளர்ந்ததற்கு அது போதும். மண்புழுவுக்குப் பஞ்சமில்லாத ஊர்தான். ஆனால் தேயிலைத் தோட்டத்து மண்ணிலிருந்து எடுக்கவே கூடாது, என்ன மருந்து அடித்திருக்கிறார்களோ. பின்பக்கம் காய்கறித் தோல் போட்டு வைத்த எங்கள் உரக்குழிதான். அதிலும் இரண்டு ஜாதிப் புழு. உரத்துக்கென்று விற்கும் சின்னச் சிவப்புப் புழுவைப் போட்டால் வாயில் வாங்கி, ஒரு நொடி யோசித்து, தூ என்று துப்பிவிடும். அதை நசுக்கினால் மஞ்சளாக ஒரு கசப்பு நீர் வரும், அதனால்தான். தடித்த ஆப்பிரிக்கப் புழுவை மறுபேச்சில்லாமல் விழுங்கும். உரக்குழியில் கையை விட்டுக்கொண்டிருந்த என்னைப் பார்த்து அத்தை, "பேரனுக்குக்கூட நீ இவ்வளவு பார்த்துப் பார்த்து ஊட்டலையே" என்றார்.

காத்திருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கடுகு ஆணா பெண்ணா என்று தெரிய வேண்டும். பெண்ணாக இருந்தால் சேர்க்கவே போவதில்லை. ஒரு தரத்துக்கு நூற்றுக்கணக்கில் முட்டையிடும், ஆயிரத்தைத் தொடுவதும் உண்டு. ஆண் விடாமல் தொந்தரவு செய்ய, பெண் இளைத்துப்போகும். அத்தனை குஞ்சுகளை வைத்து நான் என்ன செய்வது? ஓடையில் விடுவதா? மெக்சிகோ நகரத்தின் சோச்சிமில்கோ கால்வாய்களில் இந்தப் பிராணி அழிந்துகொண்டு வருவதற்குத் தண்ணீர் கெட்டது ஒரு காரணம், யாரோ நல்லது என்று நினைத்துக் கொண்டுவந்து விட்ட கெண்டையும் திலேப்பியாவும் இன்னொரு காரணம். 1998-இல் சதுர கிலோமீட்டருக்கு 6,000 இருந்தது, 2014-இல் எண்ணியபோது 36. ஐம்பது பெசோ நோட்டில் படம் போட்டிருக்கிறார்கள், கால்வாயில் தேடினால் கிடைப்பதில்லை. நம் மலையிலும் வெளியூர் மீன் கதை உண்டு. அவலாஞ்சியில் 1907-இல் பொரிப்பகம் கட்டி வெள்ளைக்காரர்கள் டிரவுட் வளர்த்து ஓடைகளில் விட்டார்கள். மழை ராத்திரியில் எங்கள் வாசலில் கத்தும் தவளைகளில் சில இந்த மலைத்தொடரைத் தவிர வேறெங்கும் இல்லாதவை. தொட்டித் தண்ணீரைக்கூட நான் ஓடைப் பக்கம் ஊற்றுவதில்லை, கழிப்பறையில்தான். ஊரூராகத் தவளைகளைக் கொல்லும் பூஞ்சை தண்ணீரில் போகும்.

இடையில் ஒரு காகித வேலை. இது சைட்டீஸ் பட்டியலில், அதாவது அருகிவரும் உயிரினங்களின் உலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தின் பட்டியலில் இருக்கும் பிராணி. 2022-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தியதும், 2024-இல் வந்த விதிகளின்படி வளர்ப்பவர்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும் என்றானது. செய்துவிட்டேன். பாஸ்வேர்டைத்தான் மூன்று தரம் மாற்ற வேண்டி வந்தது.

2024 நவம்பர். கடுகு 20, வெள்ளையன் 24. கடுகின் வாலடியில் வீக்கம் தெளிவாகத் தெரிந்தது, ஆண்தான். முதலில் தொட்டியை முழுக்கக் கலைத்தேன். வெள்ளையனுக்கு மூலை முடுக்கெல்லாம் தன் இடம் என்று இருக்கக் கூடாது. இரண்டு மண்சட்டி, இரண்டு பி.வி.சி. குழாய், இரண்டிரண்டாக, எட்ட எட்ட வைத்தேன். ஒரே சட்டிக்கு இரண்டும் போட்டி போட்டால் அங்கேதான் வம்பு. முந்தின நாளும் அன்று காலையும் இரண்டுக்கும் வயிறு முட்டச் சாப்பாடு. அப்புறம்தான் இரண்டையும் ஒரே நேரத்தில் இறக்கினேன். முன்பு மாதிரி மூன்று நாற்காலி போடவில்லை. நான் மட்டும், கையில் டப்பாவோடு.

கடுகு நடந்தது. வெள்ளையனின் முகத்துக்கு நேராகவே போனது. வெள்ளையன் தலையைக் கொஞ்சம் திருப்பினான். என் மூச்சு நின்றது. கடுகு அவன் தலைமேல் கை வைத்து ஏறி, முதுகைத் தாண்டி, அந்தப் பக்கம் இறங்கிப் போனது. மிதித்தது அந்தப் புதுக் கைதான். வெள்ளையன் ஒன்றும் செய்யவில்லை. விழுங்க முடியாத அளவில் ஒரு கட்டை மேலே உருண்டு போனது, அவ்வளவுதான் அவனுக்கு.

முதல் மூன்று நாள் பகலில் மட்டும் சேர்த்து, ராத்திரி பிரித்தேன். பிறகு ராத்திரியும். சாப்பாடு மட்டும் எப்போதும் தனித்தனி மூலையில், இடுக்கியால், இரண்டுக்கும் ஒரே நேரத்தில். ஒன்றுக்குக் கொடுத்துவிட்டு மற்றதைக் காக்க வைத்தால் தண்ணீரில் புழு வாசனை பரவி, பசித்தவன் எது அசைந்தாலும் பாய்வான்.

மூன்றாவது வாரம் மகனிடம் இடுக்கியைக் கொடுத்தேன். அவன் கடுகுக்கு முதலில் நீட்டினான், கடுகுதான் அவனுக்குச் செல்லம். புழு நழுவி வெள்ளையனின் பின்காலடியில் விழுந்தது. "டொக்."

இந்த முறை கடித்தது கடுகு. வெள்ளையனின் பின்காலில் ஒரு விரல் இல்லை. மகன் என் முகத்தைப் பார்த்தான். அத்தை நாற்காலியிலிருந்து எழாமலேயே, "போன தடவை கை, இந்தத் தடவை விரல். கணக்கு இன்னும் பாக்கி இருக்கு" என்றார்.

அன்று ராத்திரியே பரணிலிருந்து தடுப்பை இறக்கிவிட்டேன். விரல் முளைத்ததும் எடுத்தோம். இப்போது நான்கு மாதமாக ஒன்றாகத்தான் இருக்கிறார்கள். சட்டி இரண்டு இருந்தும் பாதி நாள் ஒரே சட்டிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு கிடக்கிறார்கள். மகன் அதைக் காட்டி என்னமோ சொல்ல வருவான், என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்வான். தடுப்பு மறுபடி பரணுக்குப் போகவில்லை. தொட்டிக்குப் பின்னால், சுவரோரம், கை எட்டும் இடத்தில் சாய்த்து வைத்திருக்கிறேன்.